படகின் உள்ளிணைப்புப் பெற்றோல் இயந்திரத்துக்குக் கார் காபரேட்டரைப் பொருத்தலாமா?

அலம்பில் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவின் நாயாற்றுக் களப்பிலும், காற்று அடங்கிய மாதங்களில் கரையை அண்டிய கடலிலும் ஆட்களை ஏற்றிச் செல்வதற்காக நானும் என் மச்சானும் சேர்ந்து பாவித்த பைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பத்தொன்பது அடி நீளமானது. எங்கள் கரையில் எல்லோரும் வைத்திருக்கும் வெளியிணைப்பு இயந்திரம் இதில் இல்லை. பின்பக்கத்தில் மூடியிட்ட பெட்டிக்குள் மேர்குறூசர் 3.0 என்ற நான்கு சிலிண்டர் பெற்றோல் இயந்திரம் இருக்கிறது; சுழலி பூட்டிய அதன் கால் மட்டும் பின்பலகையைக் கடந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. படகின் உடல் நல்ல நிலையில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதாகச் சோதித்தவர் சொன்னார்.

குறை, காற்றையும் பெற்றோலையும் கலந்து இயந்திரத்துக்கு விடும் காபரேட்டரில்தான். அது இயந்திரத்தோடு வந்த இரண்டு வாய்க் காபரேட்டர். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகளைத் திருப்புகிற துரொட்டில் தண்டு தன் துளைக்குள் ஆடுவது கையால் அசைத்தாலே தெரிகிறது. இயந்திரத்தை நிறுத்திய பின் தண்டின் ஓரத்தில் பெற்றோல் ஈரம் படிகிறது; அது காய்ந்த இடங்களில் பழுப்புக் கறை ஏறியிருக்கிறது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கிண்ணம் நிரம்பியதும் பெற்றோல் வரவை அடைக்க வேண்டிய மிதவை ஊசி இடைக்கிடை ஒட்டிக்கொண்டு, இயந்திரம் கரும்புகை கக்கி நின்றுவிடுகிறது.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர், பழைய டொயோட்டா வான் ஒன்றின் இரண்டு வாய்க் காபரேட்டரை, இடையில் ஓர் அலுமினியத் தட்டைக் கடைந்து வைத்துப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். படகுக் காபரேட்டருக்கும் கார் காபரேட்டருக்கும் வித்தியாசம் பெயரிலும் விலையிலும்தான் என்பது அவருடைய கருத்து. படகுக்கென்றே செய்ததை வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் பல மடங்கு விலையும் மாதக்கணக்கான காத்திருப்பும் ஆகும்.

உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால் அது இயந்திரத்தின் ஆயுளைப் பற்றியதா, ஆட்களின் பாதுகாப்பைப் பற்றியதா? வெளியிணைப்பு இயந்திரங்களின் காபரேட்டர்கள் எங்கள் கரையில் ஒழுகியபடியே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன, அவற்றால் தீப்பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியிருக்க, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம் தேவை என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.


பரந்தன் பட்டறை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். பொருத்தலாம், இயந்திரம் ஓடவும் செய்யும். ஆனாலும் பொருத்த வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுடைய கடைசிக் கேள்வியில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது.

காற்றையும் பெற்றோலையும் கலக்கும் வேலையை இரண்டும் ஒரே முறையில்தான் செய்கின்றன. பல கம்பனிகள் இரண்டையும் ஒரே அச்சில் வார்க்கின்றன, ஆகவே வெளித்தோற்றத்தைப் பார்த்து ஒருவர் இரண்டும் ஒன்றென்று சொன்னால் அதில் வியப்பில்லை. காபரேட்டர் பழுதடையும் நாளில் மிதமிஞ்சிய பெற்றோல் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

மிதவை ஊசியின் நுனியில் ஒரு மணல் துணிக்கை சிக்கினாலே, பம்பு தள்ளும் பெற்றோல் தடையில்லாமல் வந்து கிண்ணம் நிரம்பி வழியத் தொடங்கும். பல கார் காபரேட்டர்களில் மிதவைக் கிண்ணத்தின் காற்றுத் துவாரம் வெளிப்பக்கம் திறக்கும், அல்லது ஒரு குழாய் வழியாகக் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போகும். வழிகிற பெற்றோல் இயந்திரத்தின் மேற்பரப்பில் ஓடிக் கீழே வீதியில் விழுந்துவிடும். காரின் அடி திறந்து கிடப்பதால், ஓடும்போது அடிக்கும் காற்று ஆவியை அள்ளிக்கொண்டு போய்விடும். படகுக் காபரேட்டரில் அதே துவாரத்தை வளைத்துக் காபரேட்டரின் தொண்டைக்குள்ளேயே திருப்பிவிட்டிருப்பார்கள். கிண்ணம் வழிந்தால் பெற்றோல் இயந்திரத்துக்குள்ளேயே விழும். நீங்கள் கண்டது போல இயந்திரம் கரும்புகை கக்கி நின்றுவிடும். படகு நடுக்களப்பில் நிற்கும், ஏறியிருப்பவர்களுக்கு ஆபத்து நேராது. உங்கள் பழைய காபரேட்டர் அந்த நிலையிலும் தன் கடமையைச் செய்திருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

துரொட்டில் தண்டிலும் இதே கவனம் உண்டு. பல படகுக் காபரேட்டர்களில் தண்டின் ஓரத்தில் சிறிய பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். தண்டு வழியாக வெளியே வர முயலும் பெற்றோல் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்பக்கமே திரும்பிவிடும். அக்சிலேற்றர் பம்பின் டயப்பிரம் (நெகிழும் மென்சவ்வு), மேல்மூடியின் பாக்கிங் ஆகியவற்றிலும் வெளிக்கசிவு வராதபடி பார்த்திருப்பார்கள். உங்கள் காபரேட்டரின் மேல்மூடியை மறுபடி கழற்றி, கிண்ணத்தின் காற்றுக் குழாய் எங்கே போய்த் திறக்கிறது என்று ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பிறகு கராஜில் அந்த வான் காபரேட்டரை வாங்கி அதே கம்பியை அதிலும் விட்டுப் பாருங்கள். நான் இங்கே எழுதுவதைவிட அது தெளிவாகக் காட்டும்.

இனி, வழிகிற பெற்றோல் படகில் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலே எழும்பிக் கலைந்து போகாது. இயந்திரப் பெட்டியின் அடியில், கசிநீர் தேங்குகிற பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 வீதம் கலந்தாலே அது தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும். நூறு மில்லிலீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய பதினெட்டு லீற்றர் ஆவி கிடைக்கும், அது ஒரு கன மீற்றருக்கும் சற்று அதிகமான காற்றைத் தீப்பற்றும் கலவையாக மாற்றப் போதும். உங்கள் இயந்திரப் பெட்டியின் உள்ளளவை அளந்து பாருங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். பெற்றோல் உறைகுளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், நம்முடைய பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெளியிணைப்பு இயந்திரம் படகின் பின்பலகைக்கு வெளியே, திறந்த காற்றில் தொங்குகிறது. அதன் காபரேட்டர் ஒழுகினால் பெற்றோல் கடலில் விழும். நம் கடற்றொழிலாளர்களிடம் உள்ள உள்ளிணைப்பு இயந்திரங்களோ, மூன்றரைத் தொன் படகுகள் தொடங்கிப் பலநாட் கலங்கள் வரை, எல்லாம் டீசலில் ஓடுபவை; அவற்றில் காபரேட்டரே கிடையாது. ஆகவே, மூடிய பெட்டிக்குள் பெற்றோல் இயந்திரம் என்ற சேர்க்கையே நம் கரைக்குப் புதியது. அதனால் நேரும் ஆபத்தைப் பற்றிய அனுபவமும் இங்கே வளரவில்லை. புதுக்குடியிருப்புக் கராஜ்காரர் சொன்னதை நான் குறையாக எடுக்கவில்லை, வீதியில் ஓடுகிற வாகனத்துக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி.


நாயாற்று வாடி எழுதியது:

பரந்தன் அண்ணை எழுதியதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு மாறுபட்ட கருத்து ஒன்று உண்டு. போர்க்காலத்தில், வன்னிக்குள் பெற்றோல் வர விடாத ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் முதல் வான் வரை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். பிளக் கழற்றி நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டோம். எந்தக் காபரேட்டரை எந்த இயந்திரத்தில் வைத்தாலும், பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் துளையை மாற்றி, மிதவையின் உயரத்தை மாற்றி ஓடவைக்கத் தெரிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பொருள் வரும்வரை படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு இருக்க எல்லோராலும் முடியாது. வாடைக்காற்றுத் தொடங்கினால் இந்தக் கடலில் சிறு படகுக்கு வேலை இல்லை. உழைக்கக் கிடைப்பதே குறைந்த மாதங்கள்தான்.

இயந்திரத்தின் பக்கத்தைப் பற்றி அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் காபரேட்டரை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதை மறந்துவிடுகிறார்கள். வீதியில் ஓடுகிற வாகனம் பெரும்பாலான நேரம் தன் வலுவில் ஒரு சிறு பங்கையே பாவிக்கிறது. படகு அப்படியில்லை, சுமையேற்றிய உழவு இயந்திரம் முடிவில்லாத மேட்டில் ஏறுவது போல, புறப்பட்ட நேரம் முதல் திரும்பும் வரை பாரத்திலேயே இழுக்கிறது. கார் காபரேட்டரின் ஜெட்டுகள் இலேசான ஓட்டத்தில் பெற்றோலைச் சேமிக்கும்படி அளவிடப்பட்டவை. அதை அப்படியே படகில் வைத்தால் பாரத்தில் கலவை மெலிந்து (பெற்றோலின் பங்கு குறைந்து), சிலிண்டருக்குள் சூடு ஏறி, முதலில் எக்ஸோஸ்ற் வால்வு எரியும், பிறகு பிஸ்ரன் தலையே ஓட்டையாகும். படகில் வெளிப்புகை தண்ணீரோடு கலந்து போவதால், மெலிந்த கலவையை நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்கவும் முடியாது. பிளக்கைக் கழற்றி, அதன் நுனி வெளுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அறியலாம். ஆகவே கார் காபரேட்டரைப் பொருத்தினால் பெரிய ஜெட் போட்டு, முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே நிறுத்திப் பிளக் பார்க்காமல் ஒரு நாளும் ஆட்களை ஏற்ற வேண்டாம்.

அப்படிச் சரிபார்த்து, இயந்திரப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தே ஓட்டினால், புதியது வரும்வரை சமாளிக்கலாம் என்பது என் எண்ணம்.


வற்றாப்பளையான் எழுதியது:

வணக்கம். பிறந்து வளர்ந்தது வற்றாப்பளையில். இப்போது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், படகு இயந்திரங்கள் திருத்தும் இடமொன்றில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன அதே 3.0 இயந்திரம் எங்களிடம் கோடை தொடங்கும்போது வரிசையாக வரும். ஆகையால் இந்த விடயத்தில் சற்று உறுதியாகவே எழுதுகிறேன்.

நாயாற்று வாடி அண்ணர் ஜெட்டைப் பற்றி எழுதியது ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் மூடியைத் திறந்து வைத்தால் சமாளிக்கலாம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆவி பாரமானது, மூடி திறந்திருப்பது மேலே, ஆவி கிடப்பது கீழே. பக்கச் சுவர்களும் அடியும் பைபரால் முற்றாக மூடப்பட்ட ஒரு தொட்டிக்குள் அது கிடக்கிறது. மூடி திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆட்கள் கவலையின்றி இருப்பார்கள், அது மேலும் ஆபத்தானது.

மண்ணெண்ணெய்க் காலத்து அனுபவத்தை இங்கே கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெயின் ஆவி சாதாரணமாக 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் தீப்பற்றும் அளவுக்குச் சேரும். பெற்றோலுக்கு அந்த எல்லை பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை அளவில் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஒழுகியபோது நம்மைக் காப்பாற்றிய இடைவெளி பெற்றோலில் கிடைக்காது.

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, படகு இயந்திரம் செய்கிற கம்பனிகள் அதைப் பின்பற்றித்தான் செய்கின்றன. மிதவை ஊசி திறந்தே கிடக்க, துரொட்டில் பாதி திறந்த நிலையில், இயந்திரம் பற்றிக்கொள்ளாமல் ஸ்ராட்டரால் சுற்றப்படும்போதும், பம்பு தன் உச்ச அழுத்தத்தில் பெற்றோலைத் தள்ளும்போதும், முப்பது வினாடிகளில் ஐந்து கன சென்றிமீற்றருக்கு மேல் காபரேட்டரிலிருந்து வெளியே கசியக்கூடாது. ஒரு தேக்கரண்டி அளவுதான். கார் காபரேட்டர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்திச் செய்வதில்லை. எட்டெல்புறொக் கம்பனி படகுக்கென்று 1409 என்ற இலக்கத்தில் விற்பதையும், அதே அளவுள்ள அதன் கார்க் காபரேட்டரையும் அருகருகே வைத்தால் சகோதரங்கள் மாதிரி இருக்கும். இந்தச் சோதனைதான் அவற்றைப் பிரிக்கிறது.

காபரேட்டரோடு மட்டும் இது முடிவதில்லை. அதன் வாயில் கார்களில் இருக்கும் ஏர் கிளீனரைப் போடக்கூடாது. அடுக்கடுக்கான உலோகத் தகடுகளாலான சுவாலை தடுப்பான் இருக்க வேண்டும். இயந்திரம் பின்னோக்கி வெடித்துக் காபரேட்டர் வழியாக நெருப்பு வெளியே வந்தால், அந்தத் தகடுகளின் இடுக்குகளில் வெப்பத்தை இழந்து அணைந்துவிடும். 1940 ஏப்ரல் 25க்குப் பின் பொருத்தப்பட்ட எல்லாப் பெற்றோல் படகு இயந்திரங்களுக்கும் அமெரிக்காவில் இது கட்டாயம், வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு மட்டும் விலக்கு. அலம்பில் தம்பியின் கடைசிக் கேள்விக்கு அந்த விலக்கிலேயே பதில் இருக்கிறது. வான் காபரேட்டரின் வாயளவு வேறாக இருந்தால் உங்களிடமிருக்கும் தடுப்பான் அதில் உட்காராது. உட்காராத இடத்தில் யாராவது துணியோ ஸ்பொஞ்சோ சுற்றுவார்கள், அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எரிபொருள் பம்பு. படகுப் பம்பில் இரண்டு டயப்பிரம்கள் இருக்கும். ஒன்று கிழிந்தால் பெற்றோல் வெளியே ஒழுகாமல், ஒளி ஊடுருவும் ஒரு சிறு குழாய் வழியாகக் காபரேட்டருக்கு வரும். அந்தக் குழாயில் பெற்றோல் தெரிந்தால் பம்பு போய்விட்டது என்று பொருள். கார்ப் பம்பில் அதே இடத்தில் வெளியே திறந்த ஒரு துவாரம்தான் இருக்கும். முந்திய உரிமையாளர் பம்பை மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்ராட்டர், பற்றறிக்கு மின்னேற்றும் ஓல்ற்றனேற்றர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டர் மூன்றையும் அப்படியே பார்க்க வேண்டும். படகுக்கானவற்றில் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்திருப்பார்கள். பெட்டிக்கடியில் ஆவி இருக்கிற நேரத்தில் சாவியைத் திருப்பினால், முதலில் பொறி எழுவது ஸ்ராட்டரில்தான், அதுவும் இயந்திரத்தின் அடிப்பகுதியில், ஆவிக்கு மிக அண்மையில் இருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது கார்ச் சாமானாக மாற்றியிருந்தால், காபரேட்டரைப் பற்றிக் கதைப்பதற்கு முன் அதை மாற்றுங்கள்.


அலம்பில் கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பரந்தன் அண்ணை சொன்னபடி மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தேன். எங்கள் காபரேட்டரில் கிண்ணத்தின் குழாய் வளைந்து தொண்டைக்குள் திறக்கிறது. வான் காபரேட்டரில் கம்பி வெளிப்பக்கமாக வந்தது. மச்சானும் அதைப் பார்த்தார், அதோடு எங்களுக்குள் இருந்த வாதம் முடிந்தது. பம்பில் ஒளி ஊடுருவும் குழாய் இருக்கிறது, உள்ளே ஈரமில்லை. ஸ்ராட்டரின் தகட்டில் படகுக்கானது என்ற குறிப்பு இருக்கிறது. ஓல்ற்றனேற்றரில் எந்தத் தகடும் இல்லை, அதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி என்னிடம் இரண்டு வழிகள்தான் உண்டு: புதிய படகுக் காபரேட்டர், அல்லது பழையதைத் திருத்துவது. தண்டு ஆடுகிற காபரேட்டரை நம் ஊர்ப் பட்டறையில் நம்பகமாகத் திருத்த முடியுமா?


பரந்தன் பட்டறை எழுதியது:

தம்பி, திருத்த முடியும், பெரும்பாலும் அதுவே நல்ல வழியும்கூட. உடல் படகுக்கானதாக இருக்கும்போது, தேய்ந்த பாகங்களை மாற்றுவதற்கு மட்டுமே செலவாகும். ஆனால் செய்யும் முறை முக்கியம்.

முதலில் கிண்ணத்தின் வெள்ளைப் பூப்பைப் பாருங்கள். பெற்றோலோடு வந்த தண்ணீர் அடியில் தேங்கி உலோகத்தை அரித்ததால் வந்தது அது. நைலோன் தூரிகையால் கழுவிய பின் குழிகள் ஆழமில்லாமல் இருந்தால் கவலையில்லை. ஊசியின் இருக்கை பூட்டும் புரியோ, ஜெட் பூட்டும் புரியோ அரிபட்டிருந்தால் அந்த உடலை விட்டுவிடுங்கள், ஒட்டுமருந்து வைத்து அடைக்க முயல வேண்டாம். மிதவை பித்தளையில் செய்த வெறுமையான வகையானால், சுடுநீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது.

துரொட்டில் தண்டுக்கு, உடலின் இரு பக்கத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் விரித்து, மெல்லிய வெண்கலப் புஷ் (தண்டைத் தாங்கும் சிறு குழல்) இறக்க வேண்டும். ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு உடலைத் திருப்பி மறுபக்கத்தைச் செய்தால் நேர்கோடு தவறித் தண்டு இறுகும். ஒரே பிடியில் இரண்டையும் ஊடுருவி விரிக்கத் தெரிந்த லேத்காரரிடம் மட்டும் கொடுங்கள். பழைய தண்டில் தேய்மானம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதிதாகக் கடைந்து எடுப்பதானால், பழைய தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தை அதே இடத்தில், அதே பக்கம் பார்க்கும்படி வெட்டச் சொல்லுங்கள். லேத்காரருக்கு அந்தப் பள்ளம் ஏன் என்று தெரியாது, தேய்மானம் என்று நினைத்து விட்டுவிடுவார். ஆகவே பழைய தண்டைக் கையிலேயே கொடுத்து, அதன் காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

தண்டில் இருக்கும் வட்டத் தகடுகளைக் கழற்றும்போது எந்தத் தகடு எந்த வாய்க்கு, எந்தப் பக்கம் மேலே என்று கீறி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பூட்டும்போது திருகாணிகளைத் தளர்வாக வைத்துத் தகடுகளை மூடி, வாயின் சுவரில் சமமாக அமர்ந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்னரே இறுக்க வேண்டும். இறுக்கிய பின் திருகாணியின் முனையை அடித்துப் பரப்பிவிடுங்கள். அது கழன்றால் நேரே சிலிண்டருக்குள் போகும்.

ஊசி, இருக்கை, பாக்கிங், அக்சிலேற்றர் பம்பின் பாகங்கள் எல்லாம் அடங்கிய படகுக்கான திருத்தப் பொதியை, காபரேட்டரில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கொடுத்து எடுப்பியுங்கள். சிறிய பொதி என்பதால் முழுக் காபரேட்டரைப் போலச் செலவாகாது. பூட்டிய பின் உடனே படகில் ஏற்ற வேண்டாம். திறந்த வெளியில், நெருப்போ மின்சாரமோ அண்டாத இடத்தில், கீழே வெள்ளைக் கடதாசி விரித்து, உயரத்தில் வைத்த சிறு போத்தலிலிருந்து பெற்றோல் விட்டுப் பல மணி நேரம் வைத்துப் பாருங்கள். பெற்றோல் காய்ந்தாலும் அதன் கறை கடதாசியில் நிற்கும். கறை எங்கே விழுந்ததோ அதற்கு நேர் மேலே குறை இருக்கும்.

ஊசி ஒட்டியதன் மூலகாரணத்தையும் விட்டுவிடக்கூடாது. நம் பக்கத்தில் பெற்றோலைக் கான்களில் வாங்கி, கான்களில் வைத்து, கான்களிலிருந்து ஊற்றுகிறோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்த பிறகு கான் இல்லாத வீடே இல்லை. அவற்றோடு தண்ணீரும் மண்ணும் சேர்ந்தே தாங்கிக்குள் போகின்றன. தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பூட்டுங்கள், படகுக்கான உலோகக் கிண்ணம் உள்ளதாகப் பார்த்து. அது இல்லாமல் எந்தக் காபரேட்டரைப் பூட்டினாலும், புதியதையே பூட்டினாலும், இதே குறை திரும்ப வரும்.


நாயாற்று வாடி எழுதியது:

வற்றாப்பளைத் தம்பி எழுதிய மண்ணெண்ணெய்க் கணக்கு எனக்கு நியாயமாகப் படுகிறது. மூடியைத் திறந்து வைத்து ஓட்டலாம் என்ற என் யோசனையை விலக்கிக்கொள்கிறேன். தண்டுக்குப் புஷ் போடுகிற வேலையை முல்லைத்தீவிலேயே நேர்த்தியாகச் செய்யும் லேத்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். தனிச்செய்தியில் கேட்டால் இடத்தைச் சொல்கிறேன்.

ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய படகுக் காபரேட்டரைத் திருத்தும்போது முந்தியவர் யாராவது பெற்றோலைச் சேமிக்கவென்று ஜெட்டை மாற்றியிருக்கலாம். ஜெட்டில் பொறித்த இலக்கத்தை இயந்திரத்தின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துளைக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம், துளை பெருத்துவிடும், காற்றடித்தால் போதும்.


அலம்பில் கரை எழுதியது:

திருத்துவதென்று முடிவு செய்துவிட்டோம். திருத்தப் பொதிக்கு இலக்கம் கொடுத்தாயிற்று. வடிகட்டியும் சேர்த்தே வருகிறது. கடைசியாக ஒரு விளக்கம் வேண்டும். இயந்திரப் பெட்டியில் ஆவியை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் குழாய் கிழிந்து பெட்டியின் மேற்பகுதியில் தொங்குகிறது. அது எங்கே இருக்க வேண்டும்?


வற்றாப்பளையான் எழுதியது:

குழாயின் உறிஞ்சும் வாய் இயந்திரத்துக்குக் கீழே, பள்ளத்தின் அடிக்கு அண்மையில், ஆனால் வழக்கமாகக் கசிநீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீருக்குள் அமிழ்ந்தால் அது காற்றை இழுக்காது, மேலே தொங்கினால் ஆவியை இழுக்காது. மறுமுனை படகுக்கு வெளியே திறக்க வேண்டும். விசிறியும் பொறி வெளியேறாத படகு வகையாக இருக்க வேண்டும். கார் ரேடியேற்றர் விசிறியை அங்கே பூட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை ஸ்ராட் செய்வதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம் விசிறியை ஓடவிடுங்கள், பெற்றோல் நிரப்பிய பின் கட்டாயம். அதன் பிறகும் மூடியைத் திறந்து, குனிந்து மணந்து பாருங்கள். மணம் இருந்தால் சாவியைத் தொடாமல் ஆட்களை இறக்கிவிட்டுக் கசிவைத் தேடுங்கள். தகடில்லாத ஓல்ற்றனேற்றரின் பின்பக்கத் துவாரங்களைப் படம் பிடித்து இங்கே போடுங்கள். துவாரங்களுக்கு மேல் மெல்லிய உலோக வலை இருக்கிறதா என்பது படத்தில் தெரிய வேண்டும்.